எவ்வளவு குனிய வேண்டும்?

பாங்காக்கில் மூன்று மாத வேலைக்குக் கிளம்புவதற்கு முன்னால் எனக்கு ஒரு பிடிஎஃப் வந்தது. தாய்லாந்தில் செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை. யார் தலையையும் தொடாதீர்கள். காலை யாரையும் பார்த்து நீட்டாதீர்கள். வீட்டுக்குள் போகும்போது செருப்பைக் கழற்றுங்கள். பணத்தாளை மிதிக்காதீர்கள், அதில் அரசர் முகம் இருக்கிறது. பெண்கள் பிக்குகளைத் தொடக்கூடாது. கோபத்தில் குரலை உயர்த்தாதீர்கள். தேசிய கீதமோ அரச கீதமோ ஒலித்தால் எழுந்து நில்லுங்கள்.

வாசித்துவிட்டுச் சிரித்தேன். இதில் பாதியை எங்க ஆச்சி அஞ்சு வயசுக்குள்ளேயே எனக்குச் சொல்லிக் கொடுத்தாச்சு. செருப்பு, கால் நீட்டாமல் உட்கார்வது, பெரியவர்கள் முன்னால் சத்தம் போடாமல் இருப்பது எல்லாம் நம்ம வீட்டுப் பாடம்தான். வெள்ளைக்காரர்களுக்காக எழுதின பட்டியல், எனக்கு எதுக்கு என்று மூடி வைத்துவிட்டேன்.

போன இரண்டாவது வாரம் உடன் வேலை பார்க்கும் நண்பர் ஒருவர் சினிமாவுக்குக் கூப்பிட்டார். பாங்காக்கிலேயே பிறந்து வளர்ந்தவர், என் வயசுதான். விளம்பரங்கள் ஓடிக்கொண்டிருக்கும்போதே, "பாப்கார்ன் வாங்கிட்டு வந்துடறேன்" என்று எழுந்து போனார். கொஞ்ச நேரத்தில் திரையில் எழுந்து நிற்கச் சொல்லி வாசகம் வந்தது. அரச கீதம். பட்டியல் ஞாபகம் வந்து விறைப்பாக எழுந்து நின்றேன். எனக்கு இரண்டு வரிசை முன்னால் மூன்று இளைஞர்கள் மட்டும் உட்கார்ந்தபடியே இருந்தார்கள். யாரும் அவர்களை எதுவும் சொல்லவில்லை. பாட்டு முடிந்து எல்லோரும் உட்கார்ந்த பிறகு நண்பர் பாப்கார்னோடு உள்ளே வந்தார்.

அடுத்த சனிக்கிழமை இன்னொரு படம். அதே நேரம், அதே பாப்கார்ன். அப்போதுதான் உறைத்தது. இது பசி இல்லை.

அவரிடம் நேரடியாகக் கேட்க முடியாது. அந்த ஊரில் சில கேள்விகளை அப்படிக் கேட்கக்கூடாது என்பது பட்டியலில் இல்லாவிட்டாலும் எனக்கே புரிந்தது. அதனால் வாசிக்க ஆரம்பித்தேன். 'தாய் மரபு' என்று எனக்கு வந்த எட்டுப் பக்கத்தில் பல வரிகளுக்குத் தேதி இருக்கிறது, ஆணை இருக்கிறது, ஆணையிட்டவர் பெயரும் இருக்கிறது என்பது அப்புறம்தான் தெரிந்தது.

*

முதலில் 1685. அயுத்தயாவில் அரசர் நாராய் ஆட்சி. பிரான்சின் பதினான்காம் லூயி அனுப்பிய தூதர் ஷெவாலியே த ஷோமோன் அரண்மனைக்கு வருகிறார். அயுத்தயா அரசவையில் பிரபுக்கள் முழங்காலிலும் முழங்கையிலும் ஊர்ந்து வந்து தரையோடு தரையாகக் கிடக்க வேண்டும். ஷோமோன் மாட்டேன் என்றார். ஊர்ந்து வர மாட்டேன், வாளையும் காலணியையும் கழற்ற மாட்டேன், எனக்கு நாற்காலி வேண்டும். சந்திப்புக்கு முன்பே இதற்கெல்லாம் பேச்சுவார்த்தை நடந்தது. அரசவை ஒப்புக்கொண்டது.

அக்டோபர் 18 அன்று சந்திப்பு. நாராய் உயரத்தில் ஒரு சாளரத்தில் அமர்ந்திருக்கிறார். லூயியின் கடிதத்தை நீண்ட பிடி வைத்த தங்கத் தட்டில் வைத்துக் கீழே இருந்து தூக்கி நீட்ட வேண்டும் என்று ஏற்பாடு. தன் அரசரின் கடிதத்தை அப்படிக் கையை உயர்த்திக் கொடுப்பது அவருக்கு இழுக்கு என்று ஷோமோனுக்குத் தோன்றிவிட்டது. பிடியை விட்டுவிட்டுத் தட்டையே பிடித்து, கையை உயர்த்தாமல் நின்றார். கடிதம் அரசருக்கு எட்டவில்லை. நாராயின் அமைச்சர் கான்ஸ்டன்டைன் ஃபால்கன் பிறப்பால் கிரேக்கர். ஆனால் சயாமின் பதவியில் இருந்ததால் தரையில்தான் கிடந்தார். அங்கிருந்தே 'உயர்த்துங்கள், உயர்த்துங்கள்' என்று சைகை செய்கிறார், குரல் கொடுக்கிறார். ஷோமோன் அசையவில்லை. கடைசியில் நாராய் புன்னகையோடு சாளரத்துக்கு வெளியே குனிந்து, தானே கடிதத்தை எடுத்துத் தன் தலைக்கு உயர்த்தி மரியாதை செய்தார். கூடவே வந்திருந்த அபே த ஷுவாஸி இதை எழுதி வைத்திருக்கிறார். பிரெஞ்சுக்காரர்கள் இந்தக் காட்சியைச் சித்திரமாகவும் அச்சிட்டார்கள்.

அந்தச் சித்திரத்தைப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஷோமோன் நிற்கிறார். அரசர் குனிகிறார். சுற்றிலும் சயாம்காரர்கள் எல்லோரும் முகம் தரையில் பட விழுந்து கிடக்கிறார்கள்.

அடுத்த ஆண்டு செப்டம்பர் 1, 1686. சயாமின் தூதர் கோசா பான் வெர்சாய் அரண்மனையில் லூயியைச் சந்தித்தார். யாரும் கட்டாயப்படுத்தவில்லை. தன் ஊர் வழக்கப்படி அவர் விழுந்து வணங்கினார். விருந்தாளி வந்தால் வீட்டுக்காரர் குனிந்தார், வீட்டுக்காரர் விருந்தாளியாகப் போனாலும் அவரேதான் குனிந்தார்.

*

யார் எவ்வளவு குனிய வேண்டும் என்பதற்கு அயுத்தயாவில் கணக்கே இருந்தது. 15-ஆம் நூற்றாண்டில் அரசர் திரைலோக்கின் காலத்தோடு சேர்த்துச் சொல்லப்படும் 'சக்தினா' முறை. ஒவ்வொரு மனிதருக்கும் ஓர் எண். அடிமைக்கு 5. சாதாரணக் குடிமகனுக்கு அதிகபட்சம் 25. அதிகாரிகளுக்கு 400-இலிருந்து 10,000 வரை. துணை அரசருக்கு 1,00,000. நில அளவின் பெயரில் இருந்தாலும், நடைமுறையில் அது மனிதருக்கான மதிப்பெண். நீங்கள் செய்த குற்றத்துக்கு எவ்வளவு அபராதம், உங்களுக்குச் செய்யப்பட்ட குற்றத்துக்கு எவ்வளவு இழப்பீடு என்பதைக்கூட அந்த எண் தீர்மானித்தது. நாளெல்லாம் டேட்டாபேஸோடு மல்லுக்கட்டுகிறவன் நான். ஒரு நாட்டின் மக்கள் அத்தனை பேரையும் ஒரே பத்தியில் வரிசைப்படுத்தி வைத்திருந்தார்கள் என்று வாசித்தபோது சங்கடமாக இருந்தது.

எண் இப்போது இல்லை. கணக்கு இருக்கிறது. தாய் வணக்கத்துக்குப் பெயர் 'வாய்', எழுதினால் நம்ம வாய் மாதிரியே வரும். கைகூப்புவதுதான். ஆனால் உயரம் முக்கியம். சமமானவர்களுக்குக் கட்டைவிரல் முகவாயில். பெற்றோர், ஆசிரியருக்கு மூக்கு நுனியில். பிக்குவுக்கும் புத்தர் சிலைக்கும் புருவ மத்தியில். இளையவர்தான் முதலில் கைகூப்ப வேண்டும். பிக்கு திருப்பிக் கைகூப்ப மாட்டார். ஆகவே கை எழும்புவதற்கு முன்பே இரண்டு பேரும் மனசுக்குள் ஒரு கூட்டல் கழித்தல் போட்டாக வேண்டும்: வயசு, பதவி, யார் யாருக்குக் கடமைப்பட்டவர்.

இது தெரியாமல் முதல் வாரமே ஒரு வேலை செய்தேன். அலுவலகத்தில் தரை துடைக்கும் அம்மாவுக்கு நானே முந்திக்கொண்டு கைகூப்பினேன். என் அம்மா வயசு, மரியாதை கொடுக்கிறோம் என்ற பெருமிதம் வேறு. அவர் மாப்பைச் சுவரில் சாய்த்தார். ஈரக் கையை உடுப்பில் துடைத்தார். என் கையைவிட உயரமாகத் தன் கையைக் கூப்பித் தலையையும் தாழ்த்தினார். மறுநாள் நான் வருவதைத் தூரத்தில் பார்த்ததுமே கையைத் துடைக்கத் தொடங்கிவிட்டார். நண்பர்தான் மெதுவாகச் சொன்னார்: "சும்மா சிரிச்சிட்டுப் போங்க, போதும்."

தலை, கால் சமாச்சாரமும் இதே கணக்கில்தான் வருகிறது. 'குவான்' என்ற உயிர்ச்சக்தி தலை உச்சியில் குடியிருக்கிறது என்று வழிகாட்டிகள் சொல்கின்றன. உண்மைதான். குழந்தைகளின் உச்சிக்குடுமியைச் சடங்கு செய்து மழிக்கும் வழக்கம் ஒருகாலத்தில் பரவலாக இருந்தது. ஆனால் மொழியைக் கவனித்தால் வேறொன்றும் தெரிகிறது. தாய் ஆண்கள் பணிவாக 'நான்' என்று சொல்ல 'போம்' என்பார்கள். அதே சொல்லுக்குத் தலைமுடி என்றும் பொருள். அரசரை விளிக்கும் சொல்லுக்கு நேரடிப் பொருள் 'திருப்பாதத்தின் அடியில் உள்ள தூசி'. என் உடம்பில் ஆக உயர்ந்தது என் தலைமுடி, அது உங்கள் காலடித் தூசியோடு பேசுகிறது, உங்களோடு நேராகப் பேசும் தகுதி அதற்கில்லை. நம் பக்தி மொழிக்கும் இது புதிதில்லை, இறைவனின் அடிப்பொடியாக இருக்க ஆசைப்பட்டவர்கள் நம்மிடமும் உண்டு. அங்கே அது அரசவை இலக்கணம். அரசரைப் பற்றிப் பேச 'ராஜாசப்' என்று தனிச் சொற்களே இருக்கின்றன. பெரும்பாலும் கெமரிலிருந்தும் சமஸ்கிருதம், பாலியிலிருந்தும் எடுத்தவை.

*

இத்தனையையும் ஒருநாள் ஓர் அரசரே எழுந்து நிற்கச் சொன்னார்.

சுலாலங்கோர்ன் 1868-இல் பதினைந்து வயதில் அரியணைக்கு வந்தவர். 1871-இல் சிங்கப்பூர், ஜாவா. அந்த ஆண்டு இறுதியில் தொடங்கி 1872 வரை பிரிட்டிஷ் இந்தியா. கல்கத்தா, டெல்லி, பம்பாய் எல்லாம் பார்த்தார். காலனியத்தின் ரயிலையும் தபாலையும் அலுவலகங்களையும் பார்த்தார். 1873 நவம்பர் 16, அவருடைய இரண்டாவது முடிசூட்டு விழா. அன்று வாசிக்கப்பட்ட ஆணையின் சாரம் இதுதான்: சிறியவர் பெரியவர் முன்னால் ஊர்ந்து விழுவது ஒடுக்குமுறையின் அடையாளம், இனி வேண்டாம், நின்று தலை தாழ்த்தினால் போதும். தரையில் கிடந்த அரசவை எழுந்து நின்றது.

இதில் கருணையும் இருந்தது, கணக்கும் இருந்தது. சுற்றிலும் பர்மாவைப் பிரிட்டனும் இந்தோசீனத்தைப் பிரான்சும் விழுங்கிக்கொண்டிருந்த காலம். காட்டுமிராண்டி நாடு என்று பெயர் வந்தால் அதையே காரணமாக வைத்து உள்ளே வருவார்கள். சுலாலங்கோர்னின் தந்தை மோங்குட் 1851-இலேயே அரசவைக்குச் சட்டை போட்டு வரும்படி உத்தரவிட்டவர். ஆங்கிலத்தின் 'சிவிலைஸ்ட்' என்ற சொல்லைத் தாய் மொழி 'சிவிலாய்' என்று வாங்கிக்கொண்டது. வரலாற்றாசிரியர் தொங்சாய் வினிச்சகூல் இந்தச் சொல்லைப் பின்தொடர்ந்தே ஒரு முக்கியமான கட்டுரை எழுதியிருக்கிறார். ஷோமோனுக்கு 1685-இல் கிடைத்த விலக்கு, 188 ஆண்டு கழித்து உள்ளூர்க்காரர்களுக்கும் கிடைத்தது, அதுவும் வெளிநாட்டுக்காரர்கள் பார்த்துக்கொண்டிருந்தார்கள் என்பதால்.

உடம்பு எழுந்துவிட்டது. 'காலடித் தூசி' மட்டும் மொழிக்குள் அப்படியே கிடந்தது.

*

அடுத்த ஆணைகள் ஒரு ராணுவத் தளபதியிடமிருந்து வந்தன. 1932 புரட்சியில் முடியாட்சியின் முழு அதிகாரம் போனது. 1938-இன் இறுதியில் பிபுன்சொங்க்ராம் பிரதமர் ஆனார். 1939 முதல் 1942 வரை அவர் அரசாங்கம் 'ரத்தநியோம்' என்று 12 பண்பாட்டு ஆணைகளை வெளியிட்டது. முதல் ஆணை, நாட்டின் பெயர் இனி சயாம் இல்லை, தாய்லாந்து. நான்காவது, தேசியக் கொடி, தேசிய கீதம், அரச கீதத்துக்கு எல்லோரும் மரியாதை செய்ய வேண்டும். இன்றும் காலை 8 மணிக்கும் மாலை 6 மணிக்கும் பூங்காவிலும் ரயில் நிலையத்திலும் நடந்துகொண்டிருப்பவர்கள் அப்படியே நிற்கிறார்களே, அந்த ஒழுங்கின் வேர் இங்கே. இன்னொரு ஆணை உடை பற்றி. இன்னொன்று ஒரு நாளை எப்படிக் கழிப்பது என்பது வரை போனது: நாலு வேளைக்கு மேல் சாப்பிடாதே, ஆறு முதல் எட்டு மணி நேரம் தூங்கு. பெண்கள் தொப்பி போட வேண்டும், வெற்றிலை போடக்கூடாது. தொப்பிதான் தாய்லாந்தை வல்லரசாக்கும் என்ற பொருளில் முழக்கமே இருந்தது. எங்க ஆச்சிக்கு இது தெரிந்தால் வெற்றிலைச் செல்லத்தைத் தூக்கி யார் தலையிலாவது போட்டிருப்பாள்.

'சவாதீ' என்ற வணக்கச் சொல்லும் இந்தக் காலத்தில்தான் நாடு முழுக்கப் போனது. தாய்லாந்தில் இறங்கியதும் எல்லோரும் கற்றுக்கொள்ளும் முதல் சொல் இது. ஆதிகாலச் சொல் என்று நினைத்திருந்தேன். 1930-களில் சுலாலங்கோர்ன் பல்கலைக்கழகத்தில் ப்ரயா உபகித் சிலப்பசான் என்ற மொழியறிஞர் 'ஸ்வஸ்தி' என்ற சமஸ்கிருதச் சொல்லிலிருந்து உருவாக்கியது அது. 1943 ஜனவரியில் பிபுன் அரசு அதை அதிகாரபூர்வ வணக்கம் ஆக்கியது. சோழர் கல்வெட்டுகளின் தொடக்கத்தில் நாம் பார்க்கும் 'ஸ்வஸ்தி ஸ்ரீ'யில் உள்ள அதே ஸ்வஸ்தி. அதற்கு முன் சாதாரண மக்கள் தெருவில் பார்த்துக்கொண்டால் 'எங்க போறீங்க?', 'சாப்பிட்டாச்சா?' என்று கேட்டுக்கொண்டார்கள். இன்றும் கேட்கிறார்கள், நம்மைப் போலவே.

நாம் எழுந்து நிற்கும் பாட்டுகளின் கதையும் சுவாரசியமானது. 1888-இல் வந்த அரச கீதத்தின் இசை ப்யோத்தர் ஷுரோவ்ஸ்கி என்ற ரஷ்யருடையது. 1932-இல் வந்த தேசிய கீதத்துக்கு இசையமைத்த ப்ர சென்துரியாங்கின் இயற்பெயர் பீட்டர் ஃபைட். தந்தை ஜெர்மன் வம்சாவளி அமெரிக்கர்.

1944-இல் பிபுன் பதவி இழந்ததும் தொப்பி காணாமல் போனது. சவாதீ தங்கிவிட்டது. மக்கள் எதை வைத்துக்கொள்ள வேண்டும், எதைக் கழற்றி எறிய வேண்டும் என்று தாங்களே முடிவு செய்திருக்கிறார்கள். ஆணைகள் எல்லாம் வெற்றி பெறுவதில்லை என்பது எனக்கு இந்த வரலாற்றில் பிடித்த பகுதி.

*

மறுபடி பதவிக்கு வந்திருந்த பிபுனை 1957-இல் கவிழ்த்தவர் சரித் தனரத். தன் ஆட்சிக்கு ஒரு புனிதத்தன்மை வேண்டும் என்று அவர் முடியாட்சியை மீண்டும் மேடையின் நடுவில் கொண்டுவந்தார். 1932 புரட்சியின் நினைவாக இருந்த ஜூன் 24 தேசிய தினத்தை 1960-இல் அரசரின் பிறந்தநாளான டிசம்பர் 5-க்கு மாற்றினார். கைவிடப்பட்டிருந்த அரச உழவு விழா அதே ஆண்டு மீண்டும் நடந்தது. 1873-இல் ஒழிந்த தரையில் விழும் வழக்கம் மெல்ல மெல்லத் திரும்பி வந்தது. 2019-இல் அரசரின் திருமணத்தில் மணப்பெண் தரையில் கிடந்து வணங்கும் படத்தை உலகமே பார்த்தது.

சுற்றுலாவுக்கு என்று அரசு அமைப்பு தொடங்கியதும் சரித்தின் காலத்தில்தான். அப்புறம் வியட்நாம் போரின் அமெரிக்கச் சிப்பாய்கள் ஓய்வெடுக்க வந்தார்கள், பின்னால் உலகமே வந்தது. வருகிறவர்களுக்குப் பட்டியல் தேவைப்பட்டது. தரையில் விழுவது மரபாக மீண்டும் நிலைபெற்ற அதே ஆண்டுகளில், அந்த மரபு வெளியூர்க்காரர்களுக்கான கையேடாகவும் ஆனது. அதனால்தான் என் பிடிஎஃப்பில் தேதியே இல்லை.

வெளியூர்க்காரர்களிலும் இரண்டு வகை உண்டு என்று கொஞ்ச நாளில் தெரிந்தது. வெள்ளைக்காரர் 'ஃபராங்'. நான் 'கேக்'. நாம் வெட்டித் தின்கிற கேக் மாதிரியே ஒலிக்கும். அதன் பொருள் விருந்தாளி. ஆனால் இந்தியர், மலாய்க்காரர், அரேபியர் என்று ஒரு கூட்டத்தைக் குறிக்கவும் அதே சொல்தான். சீலோம் சாலையில் 1879-இல் தமிழர்கள் கட்டிய மாரியம்மன் கோயிலுக்கு ஊர்ப் பெயர் 'வாட் கேக்', விருந்தாளிக் கோயில். தக்குவா பாவில் 9-ஆம் நூற்றாண்டுத் தமிழ்க் கல்வெட்டு இருக்கிறது, அவனிநாரணம் என்ற குளத்தையும் மணிக்கிராமத்தாரையும் பற்றிச் சொல்கிறது. ஆயிரம் வருஷமாகப் போய் வந்தும் நாம் விருந்தாளிதான். பாம்பையும் கேக்கையும் சேர்த்துப் பார்த்தால் முதலில் கேக்கை அடி என்று ஒரு பழமொழியும் அங்கே புழக்கத்தில் உண்டு. அதே ஊரில்தான் மாரியம்மன் கோயிலில் நான் பார்த்த பாதிப் பேர் தாய்க்காரர்கள், என்னைவிடப் பக்தியாகக் கைகூப்பி நின்றார்கள். இரண்டும் உண்மை.

*

இனி அந்தப் பாப்கார்ன்.

தாய்லாந்துக் குற்றவியல் சட்டத்தின் 112-ஆம் பிரிவு அரசரையும் அரசியையும் வாரிசையும் அவமதிப்பதைத் தண்டிக்கிறது. 1976 அக்டோபர் 6-இல் தம்மசாத் பல்கலைக்கழகத்தில் மாணவர்கள் கொல்லப்பட்டதை அடுத்து ஆட்சியைப் பிடித்த ராணுவம், இந்தத் தண்டனையைக் குறைந்தது 3 ஆண்டு, அதிகபட்சம் 15 ஆண்டு என்று கூட்டியது. ஒவ்வொரு குற்றச்சாட்டுக்கும் தனித்தனியாக. 2007-இல் சினிமா அரங்கில் எழுந்து நிற்காத ஓர் இளைஞர் மீது இந்தப் பிரிவில் புகார் கொடுத்தார்கள். அரசுத் தரப்பு வழக்கை நடத்த வேண்டாம் என்று முடிவெடுக்க 2012 ஆனது. 2017-இல் சுலாலங்கோர்ன் பல்கலைக்கழகத்தில், சுலாலங்கோர்னின் சிலை முன்னால் முதலாண்டு மாணவர்கள் விழுந்து வணங்கும் விழாவில், மாணவர் பேரவைத் தலைவர் நெத்திவித் சோதிபத்பைசானும் சிலரும் நின்றபடி தலைதாழ்த்திவிட்டு வெளியேறினார்கள். விழுவதை ஒழித்த அரசருக்கே விழுவதா என்பது கேள்வி. அவர் பதவி பறிபோனது. 2020-இல் மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், முடியாட்சியைச் சீர்திருத்தச் சொல்லி வெளிப்படையாகப் பேசினார்கள். அதற்குப் பின் 112-ஆம் பிரிவில் வழக்குக்கு ஆளானவர்கள் 200-க்கும் அதிகம்.

வெளிநாட்டுக்காரருக்கு? 2006-இல் சுவிஸ் நாட்டவர் ஒருவர் அரசர் படங்களில் கறுப்புப் பெயிண்ட் அடித்தார். 2007-இல் 10 ஆண்டு சிறை விதித்தார்கள். இரண்டு வாரத்தில் அரச மன்னிப்பு கிடைத்தது, நாட்டை விட்டு அனுப்பினார்கள். மறுபடி அரசர் குனிந்து கடிதத்தை எடுத்துக்கொண்டார் என்று தோன்றியது.

மரியாதை எல்லாம் அதிகாரத்தின் வேஷம் என்று சொல்ல வரவில்லை. அடுத்தவருக்குச் சங்கடம் வரக்கூடாது என்று தன்னைச் சுருக்கிக்கொள்வதற்குத் தாய் மொழியில் 'க்ரெங் ஜாய்' என்பார்கள். மூன்று மாதமும் அதன் நிழலில்தான் இருந்தேன். என் உச்சரிப்பைத் திருத்தாமல் புரிந்துகொண்டார்கள். என்னை வைத்துக்கொண்டு என்னைப் பற்றிப் பேசவில்லை. ஆனால் நான் அந்தப் பட்டியலைச் சுலபமாகப் பின்பற்ற முடிந்ததற்குக் காரணம், தவறினால் எனக்கு ஒரு புன்னகைதான் தண்டனை என்பது. என் நண்பருக்கு அப்படி இல்லை. எழுந்து நிற்க அவருக்கு மனசில்லை. உட்கார்ந்திருக்க அவரால் முடியாது. வேலை இருக்கிறது, வயதான பெற்றோர் இருக்கிறார்கள். முன்வரிசை இளைஞர்களின் தைரியம் அவருக்கு இல்லை, பின்வரிசைக்காரர்களின் நிம்மதியும் இல்லை. ஆகவே வாரா வாரம் பாப்கார்ன் வாங்கினார்.

கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமை கடைசியாக ஒரு படம் போனோம். விளம்பரம் ஓடிக்கொண்டிருந்தது. அவர் எழுந்தார். நானும் எழுந்து கூடவே போனேன். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார், ஒன்றும் சொல்லவில்லை. வெளியே பாப்கார்ன் கடையில் எங்களுக்கு முன்னால் ஆறேழு பேர் வரிசையில் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருத்தருக்கும் அவசரம் இருந்ததாகத் தெரியவில்லை.